ஐந்தாவது வில்லை

மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் குதிரைப்படை ஐந்து நாளாகத் தூங்கவில்லை. தூங்கவிடாதது நீ.

ஈயச் சிப்பாய்ப் பொம்மைகளை வைத்து ஆட நீ எழுதி அனுப்பிய தொடர்போரை நேற்று முழுவதும் ஆடிப் பார்த்தோம். ஆற்றுப்பாலம், வயல்வெளி, எரிந்த ஊர், குன்றடி, கணவாய் என்று நாளுக்கு ஒன்றாக ஐந்து சண்டைகள். ஒன்றில் செத்த சிப்பாய் அடுத்ததில் வரமாட்டான் என்று விதி போட்டிருக்கிறாய். நியாயம். சாகாதவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதல் நாள் பாலத்தில் மோதிய நீலக்குதிரைகள் மறுநாள் வயலில், அதற்கு மறுநாள் எரிந்த ஊரில், என்றைக்கும் அதே பன்னிரண்டு அங்குலம் பாய்கின்றன. நீ அவற்றுக்குத் தண்ணீர்கூடக் காட்டவில்லை.

இதனால் என்ன ஆகிறதென்றால், பாலத்தில் தோற்றவனுக்கு அதற்குப் பிறகு வேலையே இல்லை. துரத்துகிறவன் முதல் நாள் ஜெயித்தால் ஐந்து நாளும் ஜெயிக்கிறான். பின்வாங்கும் படையை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே ஆடியவர் மீசை. எங்கள் டிப்போவின் லாரி டிரைவர். முகத்தில் ஒரு முடி முளைக்காது, அதனால் அந்தப் பெயர். மூன்றாவது மேசையிலேயே, அதாவது எரிந்த ஊர்ச் சண்டையிலேயே, எழுந்துவிட்டார்.

"என்னம்மா இது, செத்தவனையே திரும்பத் திரும்ப சாகடிக்கறே? நான் போய்ப் படுக்கறேன். ரெண்டு பக்கமும் நீயே பகடை போட்டுக்கோ."

உன் போர் விளையாட்டுச் சங்கத்து ஆட்கள் எட்டுப் பேரும் மூன்று மாதம் ஆட வேண்டிய போர் இது. இப்படியே கொடுத்தால் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை உன் மண்டபத்தில் நீயும் காவலாளியும்தான் இருப்பீர்கள்.

அம்மா சௌக்கியம். சாப்பாட்டு மேசையை உன் படை பிடித்துக்கொண்டதால் மூன்று வாரமாகத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறாள். பச்சைப் போர்வைக்கு அடியில் புத்தகங்களைச் செருகிக் குன்று செய்திருக்கிறேன். அதில் ஒன்று அவளுடைய பழைய பாஸ்புக் என்று நேற்றுத்தான் கண்டுபிடித்தாள். அண்ணிக்கு இப்போது வாந்தி நின்றதா?

போரைப் பற்றிப் போனில் பேசக்கூடாது, அந்தக் காலத்துத் தளபதிக்கு எந்தச் செய்தியும் மூன்று நாள் கழித்துத்தான் போய்ச் சேரும் என்று நீ போட்ட முதல் விதியால் இந்தத் திட்டையும் தபாலில் வாங்கிக்கொள்.

வாண்டு

*

மார்ச் 9

அன்புள்ள வாண்டு,

திட்டு கிடைத்தது. மூன்று நாள் தாமதமாக வந்தும் சூடு ஆறவில்லை.

நீ சொல்வது சரி. ஒரு சண்டையை இன்னொன்றோடு கோப்பது என்றால் பிணத்தை எண்ணுவது மட்டும்தான் என்று நினைத்துவிட்டேன். இரண்டு இரவு உட்கார்ந்து புது விதி எழுதியிருக்கிறேன். எழுதும்போதே இரண்டு தடவை தூங்கிவிட்டேன், அதனால் கையெழுத்து இப்படி.

ஏழாவது விதி, களைப்பு. ஒவ்வொரு சண்டை தொடங்கும்போதும் அதில் இறங்கும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சிவப்பு வில்லை. வரைபடத்தில் ஒரு நாள் சண்டையில்லாமல் ஓய்ந்தால் ஒரு வில்லையை எடுத்துவிடலாம். மூன்று வரை ஒன்றுமில்லை. நாலு வில்லை சேர்ந்தால் நகர்த்தும் முன் பகடை போடு. ஒன்று விழுந்தால் அந்தப் பிரிவு சொன்னதைக் கேட்காது, தப்பான பக்கம் போகும் அல்லது அப்படியே நின்றுவிடும். ஐந்தாவது வில்லை வந்துவிட்டால் ஒன்று, இரண்டு, மூன்று எது விழுந்தாலும் அதே கதி. அதாவது ஆபத்து மூன்று மடங்கு.

இது நானாக யோசித்தது என்று நினைக்காதே. போன வருடம் தலைமை அலுவலகத்தில் டிரைவர்களை வைத்து ஒரு கணக்கு எடுத்தோம். உனக்குத் தெரியும், டூட்டி சார்ட் போடும் பிரிவில் என்னைத் தவிர அட்டவணை பார்த்துச் சலிக்காத ஆள் கிடையாது. எட்டு டிப்போ, பதினாலு மாத டிரிப் ஷீட். இடையில் ஓய்வில்லாமல் நாலாவது டிரிப் போகிறவன் தவறு செய்வது அதிகமாகிறது, ஐந்தாவதில் மூன்று மடங்கு. சந்தேகமே இல்லாத கணக்கு. மேலே கொடுத்தோம். பெரியவர் பார்த்தார், நன்றாக இருக்கிறது என்றார், அலமாரியில் வைத்துப் பூட்டினார். அவ்வளவு உழைப்பும் வீணாகப் போக வேண்டாமே என்று குதிரைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்று. பதினோராவது விதி. தபாலில் கேட்ட உத்தரவுக்கு ஏழு நாளுக்குள் பதில் வராவிட்டால் அந்தப் படை நின்ற இடத்திலேயே நிற்கும். கணவாயில் நிற்கும் பச்சைச் சட்டைத் துணைப்படை பன்னிரண்டு பேரும் என் பொறுப்பு. நான் எழுதாமல் அவர்களைத் தொடாதே.

அண்ணிக்கு வாந்தி நின்றுவிட்டது, கோபம் தொடங்கியிருக்கிறது. ஜூனில் பிறக்கும் என்கிறார்கள். அம்மாவின் பாஸ்புக்கை எடுத்துவிட்டு என் பழைய இயற்பியல் புத்தகத்தை வை. அது எதற்காவது உதவட்டும்.

அண்ணன்

*

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் ஏழாவது விதி உயிர் கொடுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை முதலிலிருந்து ஆடினோம். வில்லைக்குச் சிவப்புச் சட்டைப் பொத்தான்கள். பாலத்தில் நான்தான் ஜெயித்தேன். வயலிலும் நான்தான். மீசை எதிர்த்து நிற்கவே இல்லை, ஒவ்வொரு மேசையிலும் ஒரே ஒரு பிரிவை முன்னே விட்டுவிட்டு மற்றவர்களைப் பின்னால் படுக்க வைத்தார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. குன்றடிக்கு வந்தபோது என் நீலக்குதிரைகளுக்கு அடியில் நாலு பொத்தான், அவர் ஆட்களுக்கு ஒன்று, இரண்டு. கணவாய் மேசையில் ஐந்தாவது சண்டைக்கு இறங்கினேன். பகடையில் இரண்டு விழுந்தது. என் குதிரைகள் என் காலாட்படைக்குள்ளேயே புகுந்தன. துரத்தினவன் துரத்தியே ஒழிந்தான். இனி முதல் மேசையில் தோற்றவனும் கடைசி மேசை வரை வருவான். சங்கத்துக்குத் தைரியமாகக் கொடு.

ஜெயித்தவர் குதிக்கவில்லை. ஒரு பொத்தானை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"இந்தக் குதிரைக்கு இத்தனைன்னு யாரோ ஒக்காந்து எண்ணியிருக்காங்க பாரு. எனக்கு எவன் எண்றான்?"

கணக்கு எங்கிருந்து வந்தது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது.

இப்போது வேலை விஷயம். விதியை மீறி இதே தாளில் எழுதுகிறேன். உன் பிரிவிலிருந்து அடுத்த இரண்டு வாரத்து டூட்டி சார்ட் வந்திருக்கிறது. வண்டி அனுப்பும் மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான், அதனால் முதலில் என் கண்ணில்தான் பட்டது. மீசைக்கு வருகிற வெள்ளி 27, சனி, ஞாயிறு. அந்தப் பக்கம் திங்கள், செவ்வாய், புதன். ஒவ்வொன்றும் பதினாலு மணி நேர டிரிப். ஆறும் ஒட்டி ஒட்டி. நடுவில் ஒரு நாள் போடு அண்ணா. திங்களோ செவ்வாயோ, உன் இஷ்டம். இங்கே மேலாளரிடம் கேட்டேன். சார்ட் மேலிருந்து வருகிறது, நீ வண்டியை மட்டும் அனுப்பு என்றார்.

அம்மா உன் குழந்தைக்குச் சட்டை தைக்கிறாள். பொத்தானைக் காணவில்லை என்று தேடுகிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.

வாண்டு

*

மார்ச் 25

அன்புள்ள வாண்டு,

சங்கத்தில் ஏழாவது விதிக்குக் கைதட்டல். பல் டாக்டர் எழுந்து நின்றே தட்டினார். இருபது வருடமாக ஆடுகிறவர், இத்தனை நாள் செத்தவனை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தோமே என்றார். நான் உன் பெயரையும் சொன்னேன்.

சார்ட் விஷயம். நீ நினைப்பதுபோல நான் பேனாவால் கிழித்துப் போடுவது இல்லை. கம்ப்யூட்டர் வாரவாரமாகப் பார்க்கிறது. ஒரு வாரத்தில் மூன்று, அடுத்த வாரத்தில் மூன்று, இரண்டும் வரம்புக்குள். திங்கட்கிழமை வந்தால் எல்லாருக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அப்படித்தான் அமைக்கச் சொன்னார்கள், அப்படித்தான் அமைத்தேன். நான் ஒரு டிரிப்பை எடுத்தால் அதை யார் தலையில் போடுவது? உன் டிப்போவில் மூன்று டிரைவர் இடம் காலி, நிரப்ப மாட்டேன் என்கிறார்கள். போன மாதம் ஒன்றை மாற்றியதற்கே பெரியவர் என்னைக் கூப்பிட்டு, உனக்கு ஜூனில் குழந்தை, ஞாபகம் இருக்கட்டும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்ளச் சொல். ஏப்ரலில் பார்க்கிறேன்.

அடுத்த ஆட்டத்திலும் துணைப்படை அங்கேயே நிற்கட்டும். குன்றடிச் சண்டையின் முடிவு தெரிந்தபிறகு உத்தரவு அனுப்புகிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 2

அண்ணா,

போன் அடித்தேன். மூன்றாவது தடவை நீ துண்டித்தாய். அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, பட்டப்பகலில், காலியான ரோட்டில், மீசையின் வண்டி மேம்பாலத் தூணில் நேராகப் போய் மோதியது. பிரேக் போட்ட தடம் இல்லை. வலது கால் நசுங்கிவிட்டது. நேற்று முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அது ஐந்தாவது டிரிப்.

கேட்டைத் திறந்து அந்த வண்டியை அனுப்பியவள் நான். டிரிப் ஷீட்டில் என் கையெழுத்து இருக்கிறது. வண்டியில் ஏறும்போது, "எத்தனை பொத்தான் இப்போ?" என்று கேட்டார். நான் நாலு என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

இன்று காலை அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிவிட்டார்கள். ஓட்டுநரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து. அவருக்கு மயக்கமே இன்னும் தெளியவில்லை, அதற்குள் தாள் டைப் ஆகி, கையெழுத்தாகி, நாலு மூலையிலும் பின் குத்தியாகிவிட்டது.

வாண்டு

*

ஏப்ரல் 8

அன்புள்ள வாண்டு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசே சரியில்லை. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, அண்ணி பயந்துவிட்டாள். போனை எடுக்க முடியாத நிலை, தப்பாக நினைக்காதே. இங்கே எல்லார் மேசையையும் பார்க்கிறார்கள். மீசையை நான் பார்த்ததில்லை, ஆனால் உன் கடிதங்களால் பழகின மனுஷர் போலத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நன்றாகக் கவனிக்கிறார்களா? கம்பெனி ஏதாவது செய்யும். நீ நடுவில் போய் நிற்காதே. உன் கையெழுத்து ஷீட்டில் இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு உன்னை விட்டால் அங்கே யார்?

போர் விஷயம் ஒன்று. சங்கத்தில் யோசித்துப் பார்த்தோம், ஏழாவது விதி கொஞ்சம் சிக்கல். ஆளாளுக்கு வில்லையை எண்ணிக்கொண்டிருந்தால் ஆட்டம் நகராது. எடுத்துவிடலாம் என்று தோன்றுகிறது. அதைத் திருத்தி எழுத எனக்கு அந்த மார்ச் 9 கடிதம் வேண்டும். என்னிடம் நகல் இல்லை. படம் எடுத்து அனுப்ப வேண்டாம், அந்தத் தாளையே உறையில் போட்டு அனுப்பு. யாரிடமும் காட்டாதே. அரைகுறை விதி, பார்த்தால் சிரிப்பார்கள்.

கூடிய சீக்கிரம் அனுப்பு, கண்ணு.

அண்ணன்

*

ஏப்ரல் 13

அண்ணா,

பல் டாக்டர் நின்றுகொண்டு கைதட்டிய விதி இரண்டு வாரத்தில் சிக்கலாகிவிட்டதா? நீ என்னைக் கண்ணு என்று கூப்பிட்டு இருபது வருடம் இருக்கும். அப்போது என் சைக்கிளை உடைத்திருந்தாய்.

கடிதத்தை அனுப்பமாட்டேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொது வார்டு, கடைசிக் கட்டில், ஜன்னல் மூடாது. கட்டிலில் அவர் வலது கால் இருக்க வேண்டிய இடத்தில் மனைவி துணிப்பையை வைத்திருந்தாள். வைக்க வேறு இடமில்லை. மீசை என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். வெட்கம்.

"நான் தூங்கிட்டேம்மா. உண்மைதானே. தூங்கினேன்னு எழுதிக் கேட்டாங்க, கையெழுத்து போட்டுட்டேன்."

என்ன எழுதியிருந்தது என்று அவர் படிக்கவில்லை. படிக்கிற நிலையிலும் இல்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் கவனக்குறைவு என்கிறார்கள். அது நிலைத்தால் வேலை போகும், வைத்தியம் நிற்கும், போலீஸ் வழக்கும் அவர்மேல் வரும். ஒரு காலோடு கோர்ட்டுப் படி ஏற வேண்டும். டிரைவர்கள் சேர்ந்து மனுப் போட்டதால் தொழிலாளர் அலுவலகத்தில் 24-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை வைத்திருக்கிறார்கள். களைப்பைப் பற்றிக் கம்பெனியிடம் ஏதாவது கணக்கு உண்டா என்று மனுவில் கேட்டிருந்தோம். அப்படி ஒரு கணக்கு எடுக்கப்படவே இல்லை என்று எழுத்தில் பதில் கொடுத்திருக்கிறார்கள்.

எட்டு டிப்போ. பதினாலு மாத டிரிப் ஷீட். சந்தேகமே இல்லாத கணக்கு. யார் எழுதியது?

ஐந்து சண்டையைக் கோக்க வேண்டும், இல்லாவிட்டால் போர் பொய் என்று இரண்டு இரவு கண் விழித்தவன் நீ. அதே கையால் ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் நடுவில் கத்தரி போட்டிருக்கிறாய். உனக்குத் தெரியாமல் செய்திருந்தால் நான் அழுதுவிட்டு அடங்கிவிடுவேன். உனக்குத் தெரியும். தெரிந்ததைச் சும்மா வைத்திருக்க மனசில்லாமல் ஈயப் பொம்மைக்குக் கொடுத்தாய்.

நான் மட்டும் யோக்கியம் என்று சொல்லவில்லை. நாலு பொத்தான் என்று சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தேன். அதை விசாரணையில் சொல்லப் போகிறேன். என் வேலை போகலாம். அம்மாவிடம் சொன்னேன். தையலை நிறுத்தி நிமிர்ந்தாள். அப்புறம், "அவனுக்கும் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். தைத்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

இருபத்து நாலாம் தேதி வா. அலமாரியில் இருக்கும் அந்தக் கணக்கு கிடைத்தால் கொண்டு வா, கிடைக்காவிட்டால் வாயால் சொல். அதுவரை உன் கடிதத்தை நான் யாரிடமும் கொடுக்கமாட்டேன். நீயே சொன்னது என்று இருக்கட்டும். நான் பிடித்துக் கொடுத்தது என்று வேண்டாம். இது உனக்குத் தபாலில் பதினாறாம் தேதி கிடைக்கும். உன் பதினோராவது விதிப்படி ஏழு நாள் இருக்கிறது.

தங்கை

*

ஏப்ரல் 25

அண்ணா,

நீ வரவில்லை. பத்தரை வரை படிக்கட்டில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

என் பங்கை முதலில் சொன்னேன். பிறகு கடிதத்தைக் கொடுத்தேன். அதிகாரி வயதானவர், அவரும் நன்றாகத் தூங்கி நாளாகியிருக்கும் போலத் தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். நீலக்குதிரை, வில்லை, பகடை என்று வரவர எங்கள் மேலாளருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்த பத்தி வந்தது. தலைமை அலுவலகம், எட்டு டிப்போ, ஐந்தாவதில் மூன்று மடங்கு, பெரியவர், அலமாரி. மேலாளர் தன் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தார். டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த அறையில் அரை நிமிடம் நாங்கள் ஜெயித்திருந்தோம்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "சார், இது பொம்மை விளையாட்டு லெட்டர். கீழ கையெழுத்து என்னன்னு மட்டும் பாருங்க."

அதிகாரி தாளைத் திருப்பினார். "அண்ணன்னு இருக்கு."

"யாரு சார் அண்ணன்? ஊர்ல பாதிப் பேர் யாருக்காவது அண்ணன்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். சக்கர நாற்காலியில் இருந்த மீசைகூடச் சிரித்துவிட்டார். அவருக்கு எந்த ஜோக்கும் வீணாகக் கூடாது. நான் எழுந்து உன் பெயர், உன் பதவி, உன் மாடி, எல்லாம் சொன்னேன். உறையில் தபால் முத்திரை இருக்கிறது என்றேன். வக்கீல், குடும்பத் தகராறாக இருக்கலாம் என்றார். அதிகாரி என்மேல் எரிந்து விழவில்லை. களைத்துப்போன குரலில் சொன்னார்.

"நீங்க சொன்னாப் போதாதும்மா. எழுதினவர் சொல்லணும். நேர்ல வரட்டும். வர முடியலன்னா, நான்தான் எழுதினேன்னு பேரு போட்டு ஒரு வரி தரட்டும். மே எட்டு வரைக்கும் டைம் தரேன்."

வீட்டுக்கு வந்து மேசையைக் காலி செய்தேன். பாலம், வயல், எரிந்த ஊர், எல்லாம் பெட்டிக்குள் போயாயிற்று. அம்மா இப்போது மேசையில் சாப்பிடுகிறாள். ஒரு மூலையை மட்டும் நான் தொடவில்லை. கணவாயில் உன் துணைப்படை பன்னிரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நிற்கிறார்கள். ஏழு நாள் முடிந்துவிட்டது, உத்தரவு வரவில்லை. அம்மா குழம்புக் கிண்ணத்தை அவர்களைச் சுற்றி நகர்த்துகிறாள். யாருடையவர்கள் என்று கேட்கவில்லை.

இதோடு ஓர் உறை வைத்திருக்கிறேன். என் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டியாகிவிட்டது. உள்ளே வெள்ளைத்தாள் ஒன்று இருக்கிறது. மார்ச் 9 கடிதத்தை எழுதியது நான் என்று ஒரு வரி எழுது. அண்ணிக்குத் தெரிய வேண்டுமா வேண்டாமா என்பது உன் விஷயம். கீழே அண்ணன் என்று போடாதே.

தங்கை

*

மே 6

அண்ணா,

தபால்காரர் இன்றும் நிற்காமல் போனார். இந்தத் தாளை இரவு பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன், காலையில் உன் கையில் இருக்கும்.

நாளை மறுநாள் பத்து மணி. மீசையை மூன்று டிரைவர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறுவார்கள், லிப்ட் ஓடவில்லை. ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். அதற்கு நேரமாகும். அதனால் தபாலை நம்ப வேண்டாம், யாரிடமாவது கொடுத்து அனுப்பு, பஸ்ஸில் வைத்து அனுப்பு, நீயே வந்து வாசலில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போ.

பெயரைப் போடு.